‘படிச்சிக்கினு இருப்பேன்’: தொடர் எதிர்காலத்தைத் தமிழ் வழியே கற்பித்தல்

ஆங்கிலத்தில் பன்னிரண்டு காலங்கள் என்று அட்டவணை போட்டுக் கற்பிக்கிறோம். அந்த அட்டவணையின் ஒரு மூலையில் ஃபியூச்சர் கன்டினியூயஸ் டென்ஸ், அதாவது தொடர் எதிர்காலம் இருக்கும். ‘வில் பி’, அதன்பின் வினைச்சொல், அதன் வாலில் ‘இங்’ என்ற வாய்பாட்டை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் ஒரு மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அதே மாணவரிடம், “நாளைக்கு இந்நேரம் நீ என்ன செய்துகொண்டிருப்பாய்? ஆங்கிலத்தில் சொல்” என்று கேட்டால் பதில் வருவதில்லை.

நான் விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் பகுதி அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். என் மாணவர்களில் பலர் தங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கும் முதல் தலைமுறையினர். “தமிழில் யோசிக்கிறார்கள், அதனால்தான் ஆங்கிலம் வரவில்லை” என்று இவர்களைப் பற்றி அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கும் குழந்தை, தன் வீட்டுப் பேச்சே தனக்குத் தடை என்று நம்பத் தொடங்குகிறது. இந்த ஒரு காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால்கூட, அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பது விளங்கும். தொடர் எதிர்காலத்தைத் தமிழ்க் குழந்தை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் வருகிறது. அதை எங்கே எடுத்துப் பயன்படுத்துவது, எந்த இரண்டு இடங்களில் கவனமாக இருப்பது என்பதே இந்தக் கட்டுரை.

இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். முதலில் காதால் கேட்டு, வாயால் சொல்லிவிட்டுப் பிறகு கரும்பலகையில் ஆங்கில எழுத்தில் எழுதிக்காட்டுவது தொடக்க வகுப்புகளுக்கு ஏற்றது.

பகுபத உறுப்பிலக்கணம் காட்டும் கண்ணாடி

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ‘படித்துக்கொண்டிருப்பேன்’ என்று பேசுவதில்லை. ‘படிச்சிக்கினு இருப்பேன்’ என்பார்கள். எழுத்துத் தமிழில் ஒட்டிக்கொண்டிருப்பது பேச்சில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இது ஆங்கில ஆசிரியருக்குப் பெரிய வசதி. ‘படிச்சிக்கினு’ ஒரு துண்டு, ‘இருப்பேன்’ இன்னொரு துண்டு.

இனி ‘இருப்பேன்’ என்பதைப் பிரிப்போம். பகுபத உறுப்பிலக்கணம் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவர் எளிதாகச் சொல்லிவிடுவார்: இரு பகுதி, ப் சந்தி, ப் எதிர்கால இடைநிலை, ஏன் தன்மை ஒருமை வினைமுற்று விகுதி. இப்போது ‘ஐ வில் பி ரீடிங்’ என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

ஐ என்பது ‘ஏன்’ விகுதி காட்டும் நான்.
வில் என்பது எதிர்காலம் காட்டும் ‘ப்’.
பி என்பது ‘இரு’.
ரீடிங் என்பது ‘படித்துக்கொண்டு’.

தமிழை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படித்தால் ஆங்கிலம் கிடைக்கிறது. உறுப்புகள் அவையே, வரிசைதான் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கிறது. நான்கு அட்டைகளில் தமிழ் உறுப்புகளையும் நான்கு அட்டைகளில் ஆங்கிலச் சொற்களையும் எழுதி, எட்டு மாணவர்களை எதிரெதிராக நிற்க வைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் தன் இணையைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது வாய்பாடு தானாகப் பதிந்துவிடும்.

விடைத்தாள்களில் நாம் அதிகம் காணும் இரண்டு பிழைகளுக்கும் இதிலேயே மருந்து இருக்கிறது. ‘ஐ வில் ரீடிங்’ என்று எழுதும் மாணவர் ‘பி’யை விட்டுவிட்டார். தமிழில் ‘இரு’வை எடுத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: ‘படிச்சிக்கினு... பேன்’. சிரித்துவிடுவார். ‘ஐ வில் பி ரீட்’ என்று எழுதுபவர் ‘இங்’கை விட்டவர். அது ‘படி இருப்பேன்’ என்பதைப் போன்றது. “பி போட மறக்காதே” என்று பத்துமுறை சொல்வதைவிட, “இரு எங்கே போச்சு?” என்று ஒருமுறை கேட்பது நன்றாக வேலை செய்கிறது.

காலம் மாறும்போது எந்த உறுப்பு மாறுகிறது என்பதையும் இதே முறையில் காட்டலாம். படித்துக்கொண்டு இருக்கிறேன், இருந்தேன், இருப்பேன். மூன்றிலும் ‘படித்துக்கொண்டு’ அசையவில்லை. ‘இரு’வின் பின்னால்தான் காலம் மாறுகிறது. ஆங்கிலத்திலும் ‘ரீடிங்’ அசைவதில்லை. ‘யாம்’, ‘வாஸ்’, ‘வில் பி’ என்று முன்னால் நிற்பதுதான் மாறுகிறது. மூன்று தொடர் காலங்களையும் ஒரே பாடவேளையில் இணைத்துவிட இது உதவும்.

ஒரு சிறு எச்சரிக்கை. ‘மழை பெய்துகொண்டிருக்கும்’ போன்ற அஃறிணை வாக்கியத்தில் ‘ப்’ வராது, ‘உம்’ வரும். எனவே தன்மையில் தொடங்கி, ‘இருப்பாய், இருப்பார், இருப்பார்கள்’ என்று போய், கடைசியாக ‘இருக்கும்’ சொல்லித்தாருங்கள். பழைய இலக்கண நூல்களில் ‘ஐ’, ‘வீ’ இரண்டுக்கும் ‘ஷல் பி’ என்று இருக்கும். இன்றைய வழக்கில் எல்லா இடத்துக்கும் ‘வில் பி’ போதும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஒரு கோடு

வடிவம் வந்தபின் பொருள். சாதாரண எதிர்காலத்துக்கும் தொடர் எதிர்காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நான் பயன்படுத்துவது ரயில் பாதை. கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு போட்டு, திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம் என்று நிலையங்களைக் குறிப்பேன். வண்டி காலை எட்டு மணிக்குத் திண்டிவனத்தில் கிளம்பி ஒன்பது மணிக்கு விழுப்புரம் சேர்வதாக வைத்துக்கொள்வோம்.

‘த ட்ரெயின் வில் ரீச் விழுப்புரம் அட் நைன்.’ இது வண்டி போய்ச் சேரும் செய்தி. நடைமேடையில் நிற்பவர் சொல்வது.

‘அட் எய்ட் தர்ட்டி, வீ வில் பி டிராவலிங்.’ இது சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் சொல்வது. எட்டரை மணிக்கு முன்னாலேயே பயணம் தொடங்கிவிட்டது. எட்டரைக்குப் பின்னும் தொடரும். எட்டரை என்ற புள்ளியில் நின்று பார்த்தால் செயல் நடுவில் இருக்கிறது.

இந்த ‘நடுவில்’ என்ற சொல்தான் சாவி. செயலின் தொடக்கமும் முடிவும் நமக்குத் தேவையில்லாதபோது, குறிப்பிட்ட நேரத்தில் அது நடந்துகொண்டிருக்கும் என்று மட்டும் சொல்ல இந்தக் காலம். மாணவர் ஒவ்வொருவரையும் ஒரு நிலையத்தில் நிறுத்தி, “இந்த நிலையத்தில் நீ என்ன செய்துகொண்டிருப்பாய்?” என்று கேளுங்கள். ‘ஐ வில் பி ஈட்டிங் முறுக்கு’, ‘ஐ வில் பி ஸ்லீப்பிங்’, ‘ஐ வில் பி லுக்கிங் அட் த ஃபீல்ட்ஸ்’ என்று வரிசையாக வரும். விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி எனப் பாதைகள் பிரிவதால் அடுத்த வகுப்புக்கும் கோடு நீளும். ஆளுக்கொரு பாதையைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்கலாம்.

இதையே உடலால் உணர்த்த இன்னொரு செயல்பாடு. ‘வென் த எச்.எம். கம்ஸ், வீ வில் ஸ்டாண்ட் அப்.’ தலைமையாசிரியர் வருகிறார், அதன்பின் எழுகிறோம். ‘வென் த எச்.எம். கம்ஸ், வீ வில் பி ஸ்டாண்டிங்.’ அவர் வரும்போதே நின்றுகொண்டிருக்கிறோம். ஒரு மாணவரைத் தலைமையாசிரியராக வாசலில் நிறுத்தி இரண்டு வாக்கியங்களையும் நடித்துக்காட்டச் சொன்னால், விளக்கம் தேவைப்படாது.

வேறுபாடு வெறும் இலக்கணம்தானா என்று ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் கேட்பது உண்டு. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மாலையில் தொடங்கிய அந்த நிகழ்வு இரவு வரை நீடித்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ‘த சைக்ளோன் வில் கிராஸ் த கோஸ்ட் டுநைட்’ என்றால் இன்றிரவு கடக்கும் என்ற தகவல். ‘அட் நைன் ஓ கிளாக் த சைக்ளோன் வில் பி கிராஸிங் த கோஸ்ட்’ என்றால் ஒன்பது மணிக்கு நாம் அதன் நடுவில் இருப்போம், வெளியே கால் வைக்கக் கூடாது என்று பொருள். கரையைக் கடப்பது ஒரு நொடியில் முடிவதில்லை என்பதை அந்த இரவில் விழித்திருந்த குழந்தைக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கான ஆங்கிலத்தை மட்டும் தந்தால் போதும்.

‘இந்நேரம்’ என்னும் சொல்

பெயரில் எதிர்காலம் இருந்தாலும், இந்தக் காலம் நிகழ்காலத்தைப் பற்றிய ஊகத்துக்கும் பயன்படும். பயிற்சி ஏடுகளில் இதற்கு அதிகம் இடம் கிடைப்பதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் நாள்தோறும் பேசுவது இதைத்தான். “அம்மா எங்கே?” என்று கேட்டால், “இந்நேரம் மல்லாட்டை பறிச்சிக்கினு இருப்பாங்க சார்” என்பார்கள். அம்மாவைக் கண்ணால் பார்க்கவில்லை. வழக்கத்தை வைத்து இப்போது நடப்பதை ஊகித்துச் சொல்கிறார்கள். அதற்குத் தமிழ் எடுத்துக்கொள்வது எதிர்கால வடிவம். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது: ‘ஷீ வில் பி ஹார்வெஸ்டிங் கிரவுண்ட்நட்ஸ் நவ்.’

இங்கே இரண்டு மொழிகளும் அச்சாக ஒத்துப்போகின்றன. எனவே தொடக்க வகுப்பில் இந்தக் காலத்தை இங்கிருந்து தொடங்குவதே எளிது என்பது என் அனுபவம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் ‘இந்நேரம்’ என்றே ஒரு விளையாட்டு வைக்கலாம். ஆசிரியர் ‘யுவர் ஃபாதர்’, ‘யுவர் தாத்தா’, ‘த குக்கிங் அக்கா’ என்று ஒருவரைச் சொல்ல, குழந்தை அவர் இந்நேரம் செய்துகொண்டிருக்கும் வேலையைச் சொல்ல வேண்டும். மரக்காணம் பக்கத்துப் பள்ளியென்றால் உப்பளம் வரும், கரும்பு விளையும் ஊரென்றால் கரும்பு வெட்டு வரும். குழந்தைகளின் வீடும் வேலையும் ஆங்கில வாக்கியத்துக்குள் வருவதைப் பார்க்கும்போது வகுப்பின் முகமே மாறும்.

‘எப்படியும் போறேன்’

‘கொண்டிருப்பேன்’ எல்லா இடத்திலும் பொருந்திவிடுமா என்றால், இல்லை. ‘ஐ வில் பி கோயிங் டு விழுப்புரம் டுமாரோ. டூ யூ நீட் எனிதிங்?’ என்ற வாக்கியத்தை ‘நாளை விழுப்புரம் போய்க்கொண்டிருப்பேன்’ என்று மொழிபெயர்த்தால் உயிர் போய்விடும். இதன் பொருள், ‘நாளைக்கு எப்படியும் விழுப்புரம் போறேன், ஏதாவது வாங்கியாரணுமா?’ என்பது. உங்களுக்காகத் தனியாகப் போகவில்லை, ஏற்கெனவே போவதாக இருக்கிறேன், அதனால் சிரமம் இல்லை என்ற இதமான குறிப்பு அந்த ‘பி கோயிங்’கில் இருக்கிறது.

கேள்வியிலும் இப்படியே. ‘வில் யூ கம் டு த மீட்டிங்?’ என்றால் வாருங்கள் என்று கேட்டுக்கொள்வதுபோல ஒலிக்கும். ‘வில் யூ பி கமிங் டு த மீட்டிங்?’ என்றால், ‘கூட்டத்துக்கு வர்றதா இருக்கீங்களா?’ என்று அவர் திட்டத்தை மட்டும் மரியாதையாக விசாரிப்பது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரை நாம் தமிழில் இப்படித்தானே விசாரிக்கிறோம்? ‘வர்றதா இருக்கீங்களா’ என்பதிலும் அதே ‘இரு’ வந்து நிற்பதைக் கவனியுங்கள். வேலைக்குப் போகும் நம் மாணவர்களுக்கு மேலதிகாரியிடமும் வாடிக்கையாளரிடமும் பேச மிகவும் பயன்படக்கூடிய வடிவம் இது. பத்தாம் வகுப்புக்கு மேல் கட்டாயம் வாய்மொழிப் பயிற்சி தர வேண்டும்.

கவனம் தேவைப்படும் முதல் இடம்: ‘வரும்போது’

தமிழ் நம்மை இடறிவிடும் இடமும் உண்டு. ‘நான் வரும்போது நீ படித்துக்கொண்டிருப்பாய்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், ‘வென் ஐ வில் கம், யூ வில் பி ரீடிங்’ என்று எழுதுவார்கள். ‘வரும்’ என்ற சொல்லை எதிர்காலமாக எண்ணி ‘வில்’ சேர்த்துவிடுகிறார்கள். சரியான வாக்கியம், ‘வென் ஐ கம், யூ வில் பி ரீடிங்’.

இங்கே தமிழாசிரியரின் துணையை நாடுங்கள். ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினை நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் வரும் என்பது அவர் நடத்தும் பாடம். ‘நேற்று நான் வரும்போது மழை பெய்தது’ என்று இறந்தகால வாக்கியத்தில்கூட ‘வரும்போது’ வருகிறதே! ஆக, ‘வரும்போது’ என்பது தனியாகக் காலம் காட்டவில்லை. வாக்கியத்தின் காலத்தை முற்று வினைதான் சொல்கிறது. ஆங்கிலத்திலும் ‘வென்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’ என்று தொடங்கும் துணைப் பகுதியில் ‘வில்’ வேண்டாம். முதன்மைப் பகுதியில் ஒரு ‘வில்’ போதும்.

“அப்படியென்றால் ‘ஐ டோன்ட் நோ வென் ஹீ வில் கம்’ எப்படிச் சரி?” என்று ஒரு நல்ல மாணவர் கேட்பார். அதற்கும் தமிழிலேயே பதில் இருக்கிறது. இந்த வாக்கியத்தின் தமிழ், ‘அவர் எப்போது வருவார் என்று தெரியாது’. ‘எப்போது’ என்று வந்தால் அது கேள்வி, ‘வில்’ வரலாம். ‘வரும்போது’ என்று ‘போது’ மட்டும் வந்தால் ‘வில்’ வராது. இந்த ஓர் எழுத்து வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மாணவர் தடுமாற மாட்டார்.

இரண்டாம் இடம்: ‘இங்’ ஏற்காத வினைகள்

‘நோ’, ‘லைக்’, ‘வான்ட்’, உடைமையைக் குறிக்கும் ‘ஹேவ்’ போன்ற வினைகள் பொதுவாகத் தொடர் வடிவம் ஏற்பதில்லை. பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன், ஒரு காதுச் சோதனை செய்து பார்க்கலாம். வாக்கியத்தைத் தமிழில் ‘கொண்டிருக்கும்’ போட்டுச் சொல்லுங்கள்.

‘எனக்கு விடை தெரிந்துகொண்டிருக்கும்.’ ‘எனக்கு மாம்பழம் பிடித்துக்கொண்டிருக்கும்.’ ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருப்பார்கள்.’ வகுப்பே சிரிக்கும். ‘வேண்டும்’ என்பதை ‘வேண்டிக்கொண்டிருப்பேன்’ என்று மாற்றினால், மயிலம் முருகன் சந்நிதியில் நின்று பிரார்த்திப்பதாகப் பொருள் போய்விடும்! தமிழில் நகைப்புக்கு இடமானால் ஆங்கிலத்திலும் ‘இங்’ போட யோசிக்க வேண்டும். ஆனால் ‘வீ வில் பி ஹேவிங் லஞ்ச்’ சரியானது. ஏனென்றால் அங்கே ‘ஹேவ்’ உடைமை அல்ல, சாப்பிடுதல். ‘சாப்பிட்டுக்கொண்டிருப்போம்’ என்பது தமிழிலும் இயல்பாக இருக்கிறது.

இந்தச் சோதனை எல்லா வினைக்கும் செல்லாது. ‘நம்பிக்கொண்டிருப்பேன்’ தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில் ‘பிலீவ்’ பொதுவாகத் தொடர் வடிவம் ஏற்காது. அத்தகைய சிலவற்றை மட்டும் தனிப்பட்டியலாகத் தந்தால் மனப்பாடச் சுமை வெகுவாகக் குறையும்.

வகுப்புவாரியாக

நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ‘இந்நேரம்’ விளையாட்டு மட்டும் போதும். இலக்கணப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். ஆறு முதல் எட்டு வரை கண்ணாடி அட்டைகளும் ரயில் கோடும். ஒன்பது, பத்தில் ‘வரும்போது’, காதுச் சோதனை, ‘எப்படியும் போறேன்’ ஆகியவற்றைச் சேர்க்கலாம். மெல்லக் கற்கும் மாணவர்கள் முதலில் தங்கள் பேச்சுத் தமிழில் வாக்கியத்தைச் சொல்லி, ‘இரு’வைக் கண்டுபிடித்து வட்டமிட்டபின் ஆங்கிலத்துக்குப் போகட்டும்.

மதிப்பீட்டிலும் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். ‘வில் பி’ வருமா என்று கோடிட்ட இடத்தில் சோதிப்பதோடு நிற்காமல், இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, எதை யார், எப்போது சொல்வார்கள் என்று கேளுங்கள். எட்டரை மணிக்கு வண்டியில் இருப்பவர் சொல்வது எது, நடைமேடையில் நிற்பவர் சொல்வது எது? இதற்குத் தமிழில் விளக்கம் சொன்னாலும் மதிப்பெண் தரலாம். நாம் அறிய விரும்புவது பொருள் புரிந்ததா என்பதைத்தானே.

அடுத்த முறை இந்தப் பாடத்தைத் தொடங்கும் முன், உங்கள் பள்ளித் தமிழாசிரியரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, ‘இருப்பேன்’ என்பதைப் பிரித்து எழுதிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பேச்சில் அது ‘படிச்சிக்கினு’வா, ‘படிச்சிக்கிட்டு’வா, ‘படிச்சிண்டு’வா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வட்டார வழக்கானாலும் ‘இரு’ அங்கே இருக்கும். ஆங்கிலப் பாடத்தை அந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம்.